இரவல் ஆட்டக்காரன்

ப்ரேபனுக்கு நாயைக் கண்டால் பயம். உறைந்த ஏரியைக் கண்டால் பயம். தொலைபேசி மணி அடித்தால், எடுப்பதற்குள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு படபடக்கும். இதெல்லாம் அவன் மனைவி மெரெதேவுக்குத் தெரியும். மோல்விக் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவன் தொழில். அந்தத் தொழிலில் பயந்தவனை நிதானக்காரன் என்று சொல்லிவிடுவார்கள், அது ஒரு வசதி. ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கும்போதுகூட அவன் கை நடுங்கியதில்லை. கண்ணாடி அவனை நோக்கி ஓடி வராது, பாருங்கள்.

இப்படிப்பட்டவன் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடப் போனான் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அந்த ஆட்டத்தில் தலைக்கவசம் கிடையாது. நீள்வட்டப் பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம். உயரத்திலிருந்து வரும் பந்து தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டால் பிறகு உன்னை யாரும் தொடக்கூடாது. ஆனால் பிடிக்கும்வரைக்கும் உன் தோளில் முழங்காலை ஊன்றி ஏறினாலும் குற்றமில்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் அதை முட்டை ஆட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

எல்லாம் நெவில் செய்த வேலை. அவன் ஆஸ்திரேலியாக்காரன். எங்கள் ஊர் கிர்ஸ்டினேவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கி, கப்பல் பட்டறை உணவகத்தில் சமையல்காரனாக இருந்தான். பன்றி இறைச்சியைப் பொன்னிறமாக வறுக்கத் தெரிந்தவனை ஊர் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குத் தன் ஊர் நினைப்பு வந்துவிடும். பள்ளி மைதானத்தில் ஒற்றை ஆளாகப் பந்தை உதைப்பான், ஓடுவான், எடுத்துவந்து மறுபடி உதைப்பான். தொண்ணூற்றொன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்து பள்ளிக்கூட ஜன்னலுக்குள் போய்விட்டது. கண்ணாடி மாற்ற ப்ரேபன் வந்தான். மன்னிப்புக் கேட்கிற தோரணையில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நெவில், வேலை முடிந்ததும் பந்தை அவனை நோக்கி மெதுவாகத் தூக்கிப் போட்டான். ப்ரேபன் பிடித்தான்.

“அடேயப்பா, உனக்குக் கை அமைஞ்சிருக்குடா!” என்றான் நெவில்.

அந்த ஒரு வார்த்தையில் ப்ரேபன் விழுந்துவிட்டான். அதுவரைக்கும் அவனிடம் யாராவது பாராட்டிய ஒரே விஷயம், கண்ணாடி அசையாமல் நிற்க ஜன்னல் ஓரத்தில் மக்கு பூசும் நேர்த்திதான்.

முதல் வருடம் மொத்தம் ஆறு பேர். ப்ரேபன் தன் தங்கை புருஷன் கோர்மை அழைத்துவந்தான். கோர்ம் பன்றிப் பண்ணைக்காரன். குட்டி போட்ட பெண் பன்றியின் கொட்டகைக்குள் வெறும் கையோடு போகிறவன். பயம் என்றால் என்னவென்று அவனிடம் கேட்டால், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று திருப்பிக் கேட்பான். ஊர்க் கால்பந்துச் சங்கத்தார் முதலில் மைதானத்தைத் தர மறுத்தார்கள். அப்புறம் செவ்வாய் மாலையும் சனிக்கிழமையும் ஆடிக்கொள்ளுங்கள், ஆனால் எங்கள் புல்லில் கோடு போடக்கூடாது என்றார்கள். கோடில்லாமல் எல்லை எப்படித் தெரியும்? துறைமுகத்திலிருந்து மீன் பெட்டிகளைக் கொண்டுவந்து அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு கால்பந்து மைதானங்களையும் சேர்த்து வட்டமாகக் கவிழ்த்து வைத்தார்கள். சாரம் கட்டுகிற இரும்புக் குழாய்கள்தான் கோல் கம்பங்கள், பக்கத்துக்கு நான்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோர்ம் டிராக்டரில் கொண்டுவந்து நட்டு, முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவான். மோதுகிறவன் மண்டை உடையாதபடி பழைய மெத்தைத் துண்டுகளைக் கம்பங்களில் சுற்றிக் கட்டுவது ப்ரேபனின் பொறுப்பு.

மோல்விக் நாரைகள் என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் கோபன்ஹேகன்காரர்கள் அடித்த அடியில், கோல்களை எண்ணிக்கொண்டிருந்த கிர்ஸ்டினே பாதியில் எழுந்து காபி போடப் போய்விட்டாள். ஆனால் மூன்று நான்கு வருடங்களில் நாரைகள் தேறிவிட்டார்கள். காரணம் கோர்ம். கோல் அருகே நின்று, பந்து மேலே எழும்பியதும் எதிரே யார் இருந்தாலும் இல்லாத மாதிரி ஓடி வருவான். அவன் கால் சத்தம் கேட்டே எதிராளிகள் விலகிக்கொள்வார்கள். ப்ரேபனும் அப்போதெல்லாம் சுமாராகவே ஆடினான். பந்து அவன் கையில் ஒட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் அவன் வேறு ஆள் என்று மெரெதேவே சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூற்றாறாம் வருடம் மே மாதப் பயிற்சியில்தான் அது நடந்தது. பந்து உயரே போயிற்று. ப்ரேபன் அண்ணாந்து பார்த்தபடியே அதன் கீழே ஓடினான். எதிரிலிருந்து கோர்ம் ஓடி வந்தான். எப்போதும் போலத்தான் வந்தான். அவன் முழங்கால் ப்ரேபனின் காதுக்கு மேலே பட்டது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்தில் மெரெதே இருந்தாள். அவளைத் தெரிந்தது. அவளருகே ஒரு சிறுமி நின்றிருந்தாள்.

“பாப்பா, நீ யாரு வீட்டுப் பொண்ணு?” என்று ப்ரேபன் கேட்டான்.

சிக்னே அழவில்லை. அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் அம்மாவுக்குப் பின்னே நின்றுகொண்டாள். சாயங்காலத்துக்குள் பெயர் ஞாபகம் வந்துவிட்டது, எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் மகள் பின்னால் போய் நின்ற அந்த இரண்டடி அவன் ஈரக்குலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு முறை இதே போல அடிபட்டால் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ப்ரேபன் வேண்டியதில்லை என்று சொல்லியும் மெரெதே அதை அவரைத் திரும்பச் சொல்லவைத்தாள். கோர்ம் ஒரு பை நிறைய சாஸேஜ் கொண்டுவந்து கொடுத்து, “மச்சான், உன் மண்டை கல்லு. என் முட்டிதான் வீங்கிப்போச்சு” என்று சிரித்தான். ப்ரேபனும் சிரித்தான்.

விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டால் பயந்துவிட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே! அந்தப் பயத்தில்தான் விடாமல் போனான். “போகாதேயேன்” என்று மெரெதே கேட்டபோது, ஓரமாக நின்றே ஆடுவேன், உயரப் பந்துக்குப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். வாக்கு கொடுக்காவிட்டாலும் அவனால் போயிருக்க முடியாது. பந்து தலைக்கு மேலே எழும்பியதும் அவன் கண் தானாக மூடிக்கொள்ளும். எவ்வளவு முயன்றாலும் திறக்காது. இருட்டுக்குள் நின்றபடி கால் சத்தத்தைக் கேட்பான். தொப்பென்று பந்து யாரோ ஒருவன் கையில் விழுகிற சத்தம் கேட்டதும் உயிர் திரும்பி வரும். அரை நொடிதானே, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அவனுக்கு அசாத்திய நம்பிக்கை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். கார் பழுது, கல்யாணம், காய்ச்சல் என்று ஏதாவது ஒன்றில் வெளியூர்க்காரர்களுக்கு ஆள் குறையும். அப்போது உள்ளூர் அணி தன்னிடம் கூடுதலாக உள்ள ஆட்களில் ஒருவனை இரவல் கொடுக்கும். அவன் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அன்று முழுக்கத் தன் அணிக்கு எதிராக, உண்மையாக ஆடவேண்டும். அடிபட்ட பிறகு வந்த இரண்டு வருடங்களில் நாரைகள் யாருக்கு இரவல் கொடுத்தாலும் ப்ரேபனைத்தான் கொடுத்தார்கள். இதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

“யோசிச்சுப் பாரு,” என்று மெரெதேவிடம் சொல்வான். “சொந்த அணிக்கு எதிரா நின்னும் கள்ளாட்டம் ஆடாதவன் வேணும்ல? நாணயமான ஆளாப் பார்த்துத்தான் குடுப்பாங்க.”

மெரெதே காபியைக் கலக்கிக்கொண்டே இருப்பாள்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் செப்டம்பரில் நாரைகள் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். அதுவும் சொந்த ஊரில். எதிரே ஸ்வீடன்காரர்கள். நேற்று வரை முட்டை ஆட்டம் என்று கேலி செய்த ஊர், நாற்காலியும் போர்வையும் எடுத்துக்கொண்டு மீன் பெட்டிகளுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டது. அன்று பேய்க்காற்று. ஸ்வீடன்காரர்களின் ஒரு கார் கப்பலைத் தவறவிட்டது. கப்பலைப் பிடித்துவிட்டவர்கள் எட்டு பேர், அலையில் குடல் புரண்டு, வெள்ளரிக்காய் நிறத்தில் வந்து இறங்கினார்கள்.

ப்ரேபன் வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் மண்டியிட்டு மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தான். கம்பத்துக்கு இந்தப் பக்கம் நெவிலும், அணித்தலைவன் ப்யார்கேவும், கோர்மும் நின்று பேசியது காற்றில் தெளிவாக வந்தது.

“எட்டு பேர்தான் வந்திருக்கானுங்க. ஒரு ஆளைக் குடுத்தாகணும்,” என்றது நெவிலின் குரல்.

“இறுதி ஆட்டத்துலயுமா?” என்றான் ப்யார்கே.

“குடுக்காம ஜெயிச்சா அந்தக் கோப்பைல நீ பீர் ஊத்திக் குடிப்பியா? என் தொண்டைல எறங்காதுப்பா. ப்ரேபனைக் குடுத்துடுவோம், எப்பவும் போல.”

“பாவம், ஏற்கெனவே வாந்தி எடுத்துட்டு வந்திருக்கானுங்க. அவனையுமா தலைல கட்டறது?” என்றான் ப்யார்கே.

“அவன் நம்மகிட்ட இருந்தா நமக்கு எட்டரை ஆள். அங்க போனா அவனுங்களுக்கு எட்டரை ஆள். பந்து மேல போனதும் கண்ணை மூடிக்கிறவன் எந்தப் பக்கம் நின்னா என்னடா?” என்றான் நெவில்.

ப்யார்கே சிரித்தான். நெவிலும் சிரித்தான். அதில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் வலித்தது. ப்ரேபன் கோர்மின் குரலுக்காகக் காத்திருந்தான். மச்சான் ஏதாவது சொல்லுவான்.

“இந்தக் கம்பம் ஆடுது. இன்னொரு ஆப்பு குடு,” என்றான் கோர்ம்.

ப்ரேபனுக்குக் காது மடல் எரிந்தது. அப்படியானால் எல்லாருக்கும் தெரியும். இந்த இரண்டு வருடமாகவே தெரியும். ஒவ்வொரு தடவையும் ‘ப்ரேபன், நீ போறியா?’ என்று கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனோமே! அதை மெரெதேவிடம் வேறு பெருமையடித்தோமே! அவள் காபியைக் கலக்கியது ஏன் என்று இப்போது புரிந்தது. பூமி பிளந்து விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. விழுங்கவில்லை. ப்யார்கே சுற்றிக்கொண்டு வந்து, “ப்ரேபன், இன்னிக்கும் நீ போறியா?” என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

“போறேன்,” என்றான் ப்ரேபன்.

ஸ்வீடன் அணித்தலைவன் ஹோகன் பச்சைச் சட்டையை நீட்டினான். “வாங்க வாங்க. ரொம்ப உபகாரம். எந்த எடத்துல ஆடுவீங்க?”

வழக்கமாகத் தென்மேற்கு மூலை என்பான். பந்து அதிகம் வராத இடம், கோர்மிடமிருந்து மைதானத்தின் மறுகோடி. வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வந்துவிட்டது.

“கோல் முன்னாடி. கோர்மை நான் பாத்துக்கறேன்.”

சும்மா சொன்னேன், மூலையிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஹோகன் அதற்குள் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

“நெசமாவா? அந்த எடத்துக்கு யார் போறதுன்னு நாங்க கப்பல்லேர்ந்தே சீட்டுக் குலுக்கிட்டு இருக்கோம். மூணு தடவை குலுக்கியாச்சு. எவனும் ஒத்துக்கலை.”

பச்சைச் சட்டையோடு கோர்மின் பக்கத்தில் போய் நின்றான். மீன் பெட்டிகளுக்கு அப்பாலிருந்து மெரெதே எழுந்துவிட்டாள்.

“ப்ரேபன்! அங்க ஏன் நிக்கறே? ப்ரேபன், மூலைக்குப் போ!”

சிக்னே அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தாள். ப்ரேபன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் போயிருப்பான்.

“என்ன மச்சான், வழி தவறி வந்துட்டியா?” என்றான் கோர்ம். “சரி, ஒண்ணு செய். நான் வர்றப்ப சத்தம் குடுக்கறேன். நீ நகந்துக்கோ.”

அப்படியேதான் நடந்தது. பந்து உயரே எழும்பும். “தள்ளிக்கோ மச்சான்!” என்று கோர்மின் குரல் வரும். ப்ரேபனின் கண் மூடிக்கொள்ளும், கால் ஒதுங்கிக்கொள்ளும். தொப்பென்று சத்தம். கண்ணைத் திறந்தால் பந்து கோர்ம் கையில் இருக்கும். ஒரு தடவை கோர்மின் தோள் அவன் சட்டையை மட்டும் உரசிக்கொண்டு போனது. அதற்கே புல்லில் உட்கார்ந்துவிட்டான். இடைவேளையில் ஹோகன் ஆரஞ்சுத் துண்டை நீட்டிவிட்டு, தட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ப்ரேபன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பு மறுபடி மறுபடி கண்ணுக்குள் வந்தது. சிக்னே என்ற பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இருக்கிறது, இன்னும் இருக்கிறது. ஆட்டம் முடியும்போது இருக்குமா?

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஸ்வீடன்காரர்கள் எப்படியோ ஒரு கோல் முன்னே இருந்தார்கள். வாந்தி எடுத்து வயிறு காலியானவர்கள் லேசாக ஓடினார்கள் என்று பிற்பாடு நெவில் சொன்னான். ஊரே எழுந்து நின்று கத்தியது. காற்று கடலிலிருந்து மைதானத்துக்குக் குறுக்கே வீசியது. நடு மைதானத்தில் ப்யார்கே பந்தைப் பிடித்தான். கோர்ம் கோல் அருகே தனியாக நின்றான், ஏனென்றால் ப்ரேபன் அவனை விட்டு வெகுதூரம் முன்னால் வந்துவிட்டிருந்தான். தப்பித்து ஓடி வந்திருந்தான் என்றே சொல்லலாம். ப்யார்கே கோர்மை நோக்கி உயரமாக உதைத்தான்.

பந்து ப்ரேபனின் தலைக்கு மேலே போயிற்று. காற்று அதை நடுவானத்தில் பிடித்து நிறுத்தியது. அது கோர்மை எட்டாது, நடுவில்தான் விழும். எல்லாருக்கும் தெரிந்தது. ப்ரேபனின் கால் அவனைக் கேட்காமலே திரும்பி ஓட ஆரம்பித்தது. அண்ணாந்து பந்தைப் பார்த்தபடி, எங்கே போகிறோம் என்று தெரியாமல், கோல் பக்கமாக ஓடினான். எதிரிலிருந்து கால் சத்தம் கேட்டது. தரை வழியாகவே அது அவன் உள்ளங்காலுக்கு வந்தது. இதே ஓட்டம், இதே சத்தம், இதே மச்சான். இரண்டு வருடமாகக் கனவில் வருவது இப்போது பகல் வெளிச்சத்தில் வந்துகொண்டிருந்தது. உடம்பு முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

“தள்ளிக்கோ மச்சான்!”

மெரெதே அவன் பெயரைச் சொல்லி அலறியது கேட்டது.

கண் மூடவில்லை. ஏன் என்று அவனுக்கே கடைசி வரைக்கும் தெரியவில்லை. தைரியம் வந்ததா என்று பின்னாளில் கேட்டவர்களிடம் அப்படி ஒன்றும் வரவில்லை, பயம் துளியும் குறையவில்லை என்றுதான் சொன்னான். மூடினாலும் பயமாகத்தான் இருக்கிறது, திறந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது, அப்புறம் எதற்கு மூடுவது என்று தோன்றியிருக்கலாம். பந்தின் தையலைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தான். கையை உயர்த்தினான். பந்து வந்து கைக்குள் உட்கார்ந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடி விழக் காத்திருந்தான்.

அடி விழவில்லை.

நடுவர் ஊதல் ஊதினார். அதற்கு மேல் சத்தமே இல்லை. ப்ரேபன் மெதுவாகத் தலையைக் குனிந்து பார்த்தான். கையெட்டும் தூரத்தில் கோர்ம் நின்றிருந்தான். அவ்வளவு பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். அவன் கண் இறுக மூடியிருந்தது.

நாரைகள் அந்த ஒரு கோலில் தோற்றார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. வழக்கப்படி இரண்டு அணிக்கும் கிர்ஸ்டினே இறைச்சி பொதிந்து சுட்ட அப்பம் சூடாக எடுத்துவந்தாள். பீர் புட்டிகள் திறக்கப்பட்டன. ஸ்வீடன்காரர்கள் ப்ரேபனைத் தூக்கிக்கொண்டு மீன் பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கீழே விழுந்துவிடுவோமோ என்று அவனுக்கு அதுவும் பயமாக இருந்தது. இறக்கிவிட்டதும் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தபோது மெரெதே அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, “இவ பேரு என்ன சொல்லு,” என்றாள், சிக்னேயை முன்னால் தள்ளி. சொன்னான். மெரெதே அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நெவில் வந்து எதிரே நின்றான். என்னவோ சொல்ல வந்து, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். “கம்பத்துக்குப் பின்னாடி நீ இருந்தியா?” என்று மட்டும் கேட்டான்.

“இருந்தேன்.”

“சரிதான்,” என்று சொல்லிவிட்டு நெவில் அப்பத் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் கோர்மைக் காணவில்லை. கம்பங்கள் பிடுங்கப்படாமல் அப்படியே நின்றன. ப்ரேபனுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஊர் மொத்தமும் பார்த்துவிட்டது. கோர்ம் ஒதுங்கினான், கோர்ம் தலையைப் பொத்திக்கொண்டான் என்று நாளைக்கு ரொட்டிக் கடையில் பேசுவார்கள். இதை அவன் மன்னிப்பானா? தங்கை வீட்டுப் பக்கம் இனிமேல் எப்படிப் போவது? அப்பத் தட்டோடு தேடிக்கொண்டு போனான். மைதானத்துக்கு வெளியே, வேலியோரமாக கோர்மின் வண்டி நின்றது. உள்ளே ஆள் இருந்தது. ப்ரேபன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

கதவு திறந்தது. “ஏறு மச்சான். அடிக்க மாட்டேன்.”

ஏறி உட்கார்ந்தான். வண்டிக்குள் பன்றித் தீவன வாடை. கோர்ம் நேராகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், நான் ஒன்னை அவமானப்படுத்தணும்னு...” என்று ப்ரேபன் ஆரம்பித்தான்.

“வுடு. காலைல நெவில் பேசினப்ப நான் வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கலை. அதுக்கு இது சரியாப் போச்சு.” கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமலே மேலும் சொன்னான். “அன்னிக்கு ஒன்னை முட்டியால இடிச்சேனே, அப்ப எனக்கு ஒண்ணுமே தோணலை. தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு சாஸேஜ் எடுத்துட்டு வந்தேன். அதை வேடிக்கையா எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பேன்! ஒண்ணும் இல்லை, மனசுல ஒரு கீறல் இல்லை. இன்னிக்கு ஓடி வர்றேன், நீ கண்ணைத் தொறந்து வெச்சிருக்கே. இவன் நகர மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப சிக்னே தெரிஞ்சா மச்சான். அம்மாகாரி பின்னால போய் நின்னாளாமே, அந்த மாதிரி. அதுக்கப்புறம் அது என் காலே இல்லை.”

ப்ரேபன் அப்பத் தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

“இங்க பாரு.” கோர்ம் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினான். பன்றியைக் காதைப் பிடித்து நிறுத்துகிற கை. கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் உதறிக்கொண்டிருந்தது. “ஆட்டம் முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு! நிக்க மாட்டேங்குது. வண்டியை எடுக்கலாம்னு பாத்தேன், சாவியை ஓட்டைல போட முடியலை. மச்சான், இது எப்பப் போகும்?”

அந்த உதறலை ப்ரேபனுக்குத் தெரியும். நாளைக்கே சரியாகிவிடும் என்று சொல்லலாம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கோர்ம் அவனைப் பார்த்த பார்வையில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“போகாது,” என்றான்.

கோர்ம் மூச்சை இழுத்து விட்டான். “அப்ப நீ எப்படி வந்தே? இதை வெச்சுக்கிட்டு, வாராவாரம்?”

இதுவரைக்கும் ப்ரேபனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

“காலைல எழுந்ததும் பையைக் கார்ல வெச்சுடுவேன். யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள வெச்சுடணும். அப்புறம் அதை எறக்கி உள்ள எடுத்துட்டுப் போக வெக்கமா இருக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“வேற ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை மச்சான். வேற ஏதாவது இருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா?”

கோர்ம் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அப்பத்தை எடுத்து ஒரு வாய் கடித்துவிட்டுத் திரும்பத் தட்டில் வைத்தான். மைதானத்தில் யாரோ பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தார்கள், ஸ்வீடன்காரர்களாக இருக்கும்.

“இனிமே ஏப்ரல்லதான் பயிற்சி,” என்றான். “அதுவரைக்கும் பந்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அதுக்குள்ள கொஞ்சம் கொறைஞ்சுடும், இல்ல?”

ப்ரேபன் அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான்.

“பந்து இருக்கறப்பப் பரவாயில்லை மச்சான், அரை நொடில முடிஞ்சு போயிடும். குளிர்காலம்தான் கஷ்டம்.”